கிராண்ட் பேலஸும் மரகத புத்தர் கோயிலும்: டிக்கெட் ஒன்றுதான்

பாங்காக்கில் அரை நாள்தான் இருந்தால் கிராண்ட் பேலஸ் அரண்மனை, மரகத புத்தர் கோயில் (வாட் பிரா கியூ) இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும், டிக்கெட்டும் தனித்தனி என்று ஒரு கருத்து பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அது சரியில்லை.

இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. 1782-இல் தாய்லாந்து அரசர் முதலாம் ராமா தலைநகரை இங்கே மாற்றியபோது, அரண்மனையோடு சேர்த்தே அரசரின் கோயிலாக இதையும் கட்டத் தொடங்கினார். அதனால்தான் மற்றத் தாய்லாந்துக் கோயில்கள் போல இங்கே பிக்குகள் தங்குவதில்லை. வெளிநாட்டவருக்கான 500 பாட் டிக்கெட்டிலேயே இரண்டும் அடக்கம்; வளாகத்திலுள்ள ராணி சிரிகிட் ஜவுளி அருங்காட்சியகமும் அதே டிக்கெட்டில்தான். படுத்த நிலையில் புத்தர் இருக்கும் வாட் போ கோயில் தெற்கே தனி வளாகம், அதற்குத்தான் தனி டிக்கெட். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டால் அரண்மனை மதிலின் வடகிழக்கு மூலையிலேயே கோயில் தெரியும். அரண்மனையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் டிக்கெட் பக்கத்தையும் பாருங்கள். கட்டணம் மாறியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

"அரண்மனை போதும், கோயில் வேண்டாம்" என்று நினைப்பவர்களும் கோயிலின் சுற்று மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 178 சுவரோவியங்களில் ராமகியன், அதாவது தாய் ராமாயணம். வெள்ளை உடம்போடு வரும் அந்த அனுமார் நம்மூர் ஆஞ்சநேயர் மாதிரி பிரம்மச்சாரி இல்லை!