மென்பொருள் கம்பனிக்கும் காணி உறுதிக்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பனி என்றதும் ஆங்கிலமும் இண்டர்நெட்டும்தான் பிரச்சினையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து இந்தத் தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களை முதலில் சாய்ப்பது காசு வந்து சேருகிற தேதி.

வேலையை முடித்து லண்டனுக்கு இன்வொய்ஸ் அனுப்பினால், ஒப்பந்தப்படி பணம் கட்ட அவர்களுக்கு 60 நாள் இருக்கும். சில இடங்களில் 90. இங்கே சம்பளம், ஈபிஎஃப், வாடகை, கிளவுட் பில் எதுவும் அதுவரை காத்திருக்காது. இதற்கிடையில் அந்தப் பக்கம் மேனேஜர் மாறிவிடுவார். புதிதாக வந்தவர், "இந்த வசதியும் சேர்த்துத்தானே பேசினோம்?" என்பார். முழு வேலைக்கும் சேர்த்து ஒரே விலை பேசியிருந்தால் அந்தக் கூடுதல் உழைப்பு முழுக்க நம் தலையில்தான். மாற்றத்துக்குத் தனி விலை கேட்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த மாதச் சம்பளத்துக்கு அதே கிளையண்டை நம்பியிருப்பவன் எப்படிக் கறாராகப் பேசுவான்?

சரி, இடையில் சமாளிக்க வங்கிக் கடன் எடுக்கலாமே என்று போனால், ஈடாகக் காணி உறுதி, அதாவது நிலத்தின் பத்திரம், கேட்கிறார்கள். கொழும்பில் இதே தொழில் செய்யும் நண்பர் அப்பாவின் வீட்டை ஈடு வைத்தார். நான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். மலையகத் தமிழர்களான நம் ஆட்கள் இங்கே வந்து 2023 உடன் 200 வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்த லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு கிடைத்த குடும்பங்களிலும் பலருக்கு உறுதி கைக்கு வரவில்லை. காணிப் பிரச்சினை கொழுந்து பறிக்கிறவர்களோடு முடிந்துவிடுவதில்லை, அவர்களுடைய மகள் எழுதுகிற ஜாவா கோடு வரைக்கும் அது வருகிறது. நல்ல பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதற்கும் இது ஒரு காரணம். சம்பளம் தேதிக்கு வருமா என்ற சந்தேகத்தோடு யார் இருப்பார்கள்?

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. 2025 நவம்பரில் டித்வா புயல். இரண்டையும் கிளையண்டுகள் பொறுத்துக்கொண்டார்கள், அதற்கு நன்றி. 2025 ஏப்ரலிலிருந்து சேவை ஏற்றுமதி வருமானத்துக்கும் 15% வரி. கட்டுகிறோம். வரி வாங்கும் அரசு, கையெழுத்தான ஒப்பந்தத்தையும் இன்வொய்ஸையும் பிணையாக ஏற்கும்படி அரச வங்கிகளுக்காவது சொல்ல வேண்டும்.

மலையகத்தில் புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு: முற்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மிச்சத்தையும் வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக வாங்குங்கள்.

அப்புறம், வங்கியில் வேலை செய்யும் நண்பர்களே, இன்வொய்ஸுக்குக் கடன் கொடுக்கும் திட்டம் உங்கள் கிளையில் இருக்கிறதா, அதற்கும் காணி கேட்கிறீர்களா என்று கீழே எழுதுங்கள்.