விலக்குரிமை யாருடையது?

நியூயார்க் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே 2013 டிசம்பர் 12 அன்று கைதானபோது, இங்கே நடந்த விவாதங்கள் பெரும்பாலும் ஆடை களைந்து சோதித்த அவமானத்தையே சுற்றிவந்தன. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் வழக்கின் உள்ளே இருந்த சட்டக் கேள்வியைப் பேசியவர்கள் குறைவு.

ஐ.நா. கூட்டங்களுக்கு வரும் உறுப்பு நாட்டுப் பிரதிநிதியைப் பணியின்போதும் போகவரும் வழியிலும் கைது செய்யக் கூடாது, அவருடைய பெட்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது, பிரதிநிதி என்ற முறையில் அவர் பேசியதற்கோ எழுதியதற்கோ செய்ததற்கோ வழக்குத் தொடரக் கூடாது என்கிறது ஐ.நா.வின் சிறப்புரிமைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. இந்தப் பாதுகாப்புதான் விலக்குரிமை. துணைத் தூதரக அதிகாரிக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. ஆகவேதான், ஆகஸ்ட் 26 முதல் டிசம்பர் 31 வரை அவர் ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவின் ஆலோசகராகவும் பதிவாகியிருந்தார், எனவே கைதே செல்லாது என்று இந்தியத் தரப்பு வாதிட்டது. என் பார்வையில் அது வலுவான வாதம்.

ஆனால் குற்றச்சாட்டு என்ன? வீட்டுப் பணிப்பெண்ணின் விசாவுக்காகக் காட்ட மணிக்கு 9.75 டாலர் சம்பளம் என்று ஓர் ஒப்பந்தம், உண்மையில் கொடுப்பதற்கு மாதம் 30,000 ரூபாய் என்று இன்னோர் ஒப்பந்தம் என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. இதில் நாட்டின் குரல் எங்கே இருக்கிறது?

அதே உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, இந்த உரிமைகள் தனிமனிதரின் சொந்த நலனுக்கானவை அல்ல என்றும், நீதிக்குக் குறுக்கே நிற்குமானால், பணிக்குப் பாதகமில்லாத நிலையில் அவற்றை விட்டுக்கொடுப்பது உறுப்பு நாட்டின் கடமை என்றும் சொல்கிறது. சூட்சுமம் என்னவென்றால், குறுக்கே நிற்கிறதா என்பதை அந்த உறுப்பு நாடே தன் கருத்துப்படி தீர்மானித்துக்கொள்ளலாம்! கைதுக்குப் பிறகு தேவயானியை ஐ.நா. தூதுக்குழுவுக்கே மாற்றி முழுப் பாதுகாப்பையும் பெற்றுத்தந்த இந்தியா, விலக்குரிமையை விட்டுக்கொடுக்கும்படி அமெரிக்கா கேட்டபோது மறுத்தது. அவர் நாடு திரும்பினார். குற்றப்பத்திரிகை பதிவான 2014 ஜனவரி 9 அன்று அவருக்கு முழு விலக்குரிமை இருந்தது என்ற காரணத்தால் மார்ச் 12 அன்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இரண்டே நாளில் புதிய குற்றப்பத்திரிகை வந்தது.

கைதை எதிர்த்தது சரி. விட்டுக்கொடுக்க மறுத்தது சரியில்லை என்பதே என் கருத்து. குறைந்தபட்சம், மறுக்கும் நாடு தன் மண்ணிலாவது வெளிப்படையாக விசாரிக்க வேண்டும். 15ஆம் பிரிவின்படி சொந்த நாட்டு அதிகாரிகளின் முன் இந்தக் கவசம் செல்லாது. தில்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த தடுப்புகளை அகற்றிய வேகத்தில் பாதியையாவது, அந்த இரண்டு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்துப் பொதுவில் படிப்பதில் காட்டியிருக்கலாம்.