மூழ்கடித்தது ஜெர்மானியரேதான்
'தி ஆப்பிரிக்கன் குயின்' (1951) படத்தில் லூயிசா என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வெடித்து மூழ்குவது நிஜச் சம்பவம் என்று ஒரு கட்டுரை சொல்வது பொருந்தவில்லை. அதற்கு முன்மாதிரியான ஜெர்மன் கப்பல் 'கிராஃப் ஃபான் கோட்சன்' டார்பிடோ (கப்பலைத் தாக்கும் நீரடிக் குண்டு) பட்டு மூழ்கவே இல்லை. முதல் உலகப் போரில், 1916 ஜூலையில் பின்வாங்கும்போது ஜெர்மானியரே அதை ஆப்பிரிக்காவின் டங்கானிக்கா ஏரியில் மூழ்கடித்தார்கள். அதுவும் எப்படி? பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எஞ்சின் முழுக்கக் கெட்டியாகக் கிரீஸ் பூசிவிட்டு! தண்ணீர் உலோகத்தைத் தொடாததால் துரு அரிக்கவில்லை. 1924-இல் பிரிட்டிஷார் தூக்கியபோது எஞ்சின் தேறியது, 1927 முதல் 'லியெம்பா' என்ற பெயரில் பயணிகளை ஏற்றியது. படத்தில் நாயகன் தன் 'ஆப்பிரிக்கன் குயின்' படகில் பொருத்தும் டார்பிடோ வேறு கதை: ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வெடிமருந்து, முனையில் தோட்டா, அதைக் குத்த மரக்கட்டையில் ஆணி. மோதல் நேராக விழாவிட்டால் ஆணி குத்தாது, வெடிக்காது. கவிழ்ந்து கிடக்கும் அந்தப் படகின் மேல் லூயிசாவே வந்து ஏறுவதாகக் காட்டியது கொஞ்சம் தாராளமான அதிர்ஷ்டம்தான்.