ஸ்மாக் செக் ரத்தா? இல்லை

"ட்ரம்ப் கையெழுத்துப் போட்டாச்சு, இனி கலிஃபோர்னியாவில் ஸ்மாக் செக் (வண்டிப் புகைச் சோதனை) கிடையாது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு.

2025 ஜூனில் அவர் கையெழுத்திட்டது என்னவோ நிஜம்தான். ஆனால் அதில் ரத்தானது, 2035-க்குள் புது பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தும் விதி உட்பட, புதிய கார்களுக்கும் லாரிகளுக்கும் அந்த மாநிலம் தனியாக விதி போட்டுக்கொள்ள அமெரிக்க மத்திய அரசு தந்திருந்த மூன்று அனுமதிகள். ஏற்கெனவே ஓடுகிற வண்டியின் புகையைச் சோதிப்பது வேறு சங்கதி; அது மாநிலச் சட்டப்படி 1984 முதல் நடக்கிறது. இன்னொன்று, காற்று மோசமாக உள்ள பல பகுதிகளில் இப்படிச் சோதனை நடத்தச் சொல்வதே மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம்தான்! இதைத்தான் ஃபார்வர்டு எழுதியவர் வசதியாக விட்டுவிட்டார்.

சந்தேகமா? டிஎம்வி (மாநில வாகனப் பதிவுத் துறை) அனுப்பும் பதிவுப் புதுப்பிப்பு நோட்டீஸைப் பாருங்கள், உங்கள் வண்டிக்கு ஸ்மாக் சான்று தேவையென்றால் அதிலேயே போட்டிருக்கும். ஸ்மாக் செக்கைக் கவனிக்கும் மாநில அமைப்பான பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரின் தளத்திலும் விதிகள் உள்ளன. மின்சாரக் கார்களுக்கும், 1975 மாடலும் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்கும் ஏற்கெனவே விலக்கு உண்டு, அது புதுசில்லை. அந்த ஃபார்வர்டை நம்பிச் சோதனையை விட்டால் பதிவு புதுப்பிக்க முடியாமல் நிற்கும், அதனால் அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.