இரைச்சல் தானாகப் பழகிப் போகாது

புது டபுள் பேஸ் (ஆளுயர வயலின் போன்ற பெரிய தந்தி வாத்தியம்) வாங்கி, தந்தி இரைகிறதே என்று கேட்ட காரைக்குடித் தம்பிக்கு ஒரு அண்ணன், "புதுத் தந்தி அப்படித்தான் இரையும், தம்புரா மாதிரி நினைச்சுக்கோ, ரெண்டு மாசத்துல பழகிடும்" என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி இறங்குவது உண்மை, சில நாளில் நின்றுவிடும். இரைச்சல் வேறு. தம்புராவில் ரீங்காரம் (ஜீவாளி) வர, தந்திக்கு அடியில் நூல் வைத்து நாமே அதை வரவழைக்கிறோம். தந்திகளைத் தாங்கும் அதன் குதிரையும் அகலமானது. டபுள் பேஸ் குதிரையின் உச்சி மெல்லியது, அங்கே அந்த இரைச்சலுக்கு இடமில்லை.

முதலில் எங்கே இரைகிறது என்று பாருங்கள். விரல் வைக்காதபோது மட்டும் இரைந்து, வைத்ததும் நின்றால், பெரும்பாலும் தலைப்பக்க நட்டில் (தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டையில்) தந்திப் பள்ளம் ஆழமாகியிருக்கும். சில சுரங்களில் மட்டும் என்றால் விரல்பலகையில் மேடு இருக்கலாம். எங்கும் இரைந்தால் உடலின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் சடசடவென மாறினால் அங்கே பசை விட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி இப்படி ஆவதுண்டு.

என் பேஸை வளவில் நிறுத்தி ஒரு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் கீழே, பேஸைத் தரையில் ஊன்றி நிறுத்தும் ஊன்றுகம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தது. அந்த ஊன்றுகம்பியை இறுக்கிப் பிடித்ததும் ஏ தந்தியின் கரகரப்பு சட்டென்று நின்றது.

அப்புறம், எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தண்டு ஒட்டப்படவில்லை, தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. விழுந்தால் கைதேர்ந்தவர்தான் நிறுத்த வேண்டும்.