பப்பாளி மாவுப்பூச்சி மழையால் ஒழியவில்லை

பப்பாளி மாவுப்பூச்சி மழையில் தானாகவே ஒழிந்தது, அதை ஒழிக்க ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் வீண் என்று சிலர் சொல்வது தவறு. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட இப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியையும் மல்பெரியையும் வெண்பஞ்சுபோல் மூடியது. மழை அதன் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர அடியோடு அழிக்காது. அதை அடக்கியது, 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் சோதிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி வழங்கிய அசெரோபேகஸ் பப்பாயே என்னும் கடுகினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர, காய்ந்து விறைத்த கூட்டில் வட்டத் துளையிட்டுப் புதுக் குளவி வெளிவரும். நச்சு மருந்து தெளித்தால் குளவியும் மடியும் என்பதால், பயிர் கண்முன்னே வாடியபோதும் மருந்தடிக்காமல் பொறுத்திருந்த உழவர்களின் பங்கு, மழையின் பெயரால் மறைக்கக்கூடியதன்று.