ஐப்பசி மழையும் ஸ்போர்ட்ஸ் கார் டயரும்

பி.ஒய். எண் பலகை தாங்கிய விலையுயர்ந்த கார்களில் எத்தனை உண்மையில் புதுச்சேரியில் ஓடுகின்றன என்பது தனியாகப் பேச வேண்டிய கதை. இங்கேயே வாங்கி, இங்கேயே ஓட்டி, வார இறுதியில் ஈ.சி.ஆரிலும் கடலூர்ச் சாலையிலும் வேகத்தைச் சுவைக்கும் நண்பர்களைப் பற்றியே இந்தப் பதிவு. டயர் மாற்றும் காலம் வந்தவுடன் அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய இதழ்களும் யூடியூப் சோதனையாளர்களும் வெளியிடும் தரவரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு, காய்ந்த தடத்தில் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்த டயர் எது என்று தேடுகிறார்கள். நம் கடற்கரைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும் திறனை முதலிலும், உற்பத்தித் தேதியை இரண்டாவதாகவும் பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அவற்றுக்குப் பின்னால் வைத்தே ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் தரவரிசைகள் பொய்யானவை என்று நான் சொல்லவில்லை. அவை வேறு நிலத்துக்கு எழுதப்பட்டவை. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும் என்பதால், அங்கே கோடைக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக இரண்டு செட் வைத்திருக்கிறார்கள். மார்கழி அதிகாலையிலும் அந்தக் குளிர் நமக்கு வருவதில்லை. ஆகவே குளிர்கால டயர், அனைத்துப் பருவ டயர் என்ற இரண்டு வகையையும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். நமக்கு உள்ளவை இரண்டே பருவங்கள்: கத்திரி வெயிலில் கொதிக்கும் தார், அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த டயர் போட்டிருந்தாலும் காரை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. என் கவலையெல்லாம் சாதாரண ஐப்பசி மாலைகளைப் பற்றியது. தவளக்குப்பம் தாண்டும்வரை காய்ந்திருந்த சாலை கிருமாம்பாக்கத்தில் திடீரென்று நீர்ப்படலமாக மாறுவதும், எதிரே ஒரு மாடோ மின்விளக்கு இல்லாத டிராக்டரோ தென்படுவதும் அந்த நேரத்தில்தான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நனைந்த சாலையில் உராய்வுக் கெழு, அதாவது டயர் சாலையைப் பிடிக்கும் அளவு, 0.8 கிடைக்கும் டயரோடு பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 49 மீட்டரில் நிற்கும்; 0.6 மட்டுமே கிடைக்கும் டயரென்றால் ஏறத்தாழ 66 மீட்டர் ஓடும். வேறுபாடு 17 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து கொண்டிருக்கும். சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு ஓரிரு நொடி மிச்சப்படுத்தும் டயருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

செமி ஸ்லிக் என்று அழைக்கப்படும் டயர்களை நம் இளைஞர்கள் சிலர் விரும்பி மாட்டுவதை இந்தக் காரணத்தினாலேயே நான் ஏற்கவில்லை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் சென்று, அங்கே சுற்றிவிட்டு, அதே டயரில் வீடு திரும்புவதற்காகச் செய்யப்பட்டவை. சாலையை நன்றாகக் கவ்வ வேண்டும் என்பதற்காகப் பட்டனில், அதாவது சாலையைத் தொடும் வெளிப்பரப்பில், பள்ளங்களைக் குறைத்து, ரப்பர் தரையைத் தொடும் பரப்பைக் கூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வெளியேற வழி குறைந்துவிட்டால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டயர் சாலையை விட்டு நீரின் மீது ஏறிக்கொள்ளும். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. டயரின் அகலம் கூடக் கூட இந்த அபாயமும் கூடும் என்பதையும், காற்று குறைவாக இருந்தால் இன்னும் முன்பாகவே இது நிகழும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய போர்ஷே 911-இன் அடிப்படை வகையிலேயே பின் டயரின் அகலம் 295 மில்லிமீட்டர். அத்தனை அகலத்தின் அடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும் வேலை முழுவதும் அந்தப் பள்ளங்களுடையது.

அதனால் நான் பரிந்துரைப்பது அதற்கு ஒரு படி கீழே உள்ள உயர்செயல்திறன் கோடைக்கால டயர்களைத்தான். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6 ஆகியவற்றை இந்த வரிசையில் சொல்லலாம். 2017-இல் சந்தைக்கு வந்த 4எஸ் வயதானதுதான். ஆனால் வெளிப்புறத் தோளுக்குக் காய்ந்த சாலையைக் கவ்வும் ஒரு ரப்பர், உட்புறத்துக்குச் சிலிக்கா மிகுந்து ஈரத்தில் பிடிக்கும் வேறொரு ரப்பர் என்று பிரித்து வைத்த அதன் அமைப்பு நம் ஊருக்கு இன்றும் பொருந்துகிறது. பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் தருகிறார்கள். அதில் ஏ பெற்றதா என்று பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் டிரெட்வேர் எண்ணை, அதாவது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்ணை, பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணை அமெரிக்க விதிமுறையின்படி உற்பத்தியாளரே சோதித்து அறிவிக்கிறார் என்பதால், ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிடவே அது ஓரளவு உதவும்; இரு நிறுவனங்களை ஒப்பிட உதவாது.

இத்தனையும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால் வேறொரு சிக்கல் காத்திருக்கும். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேவை. உள்நாட்டில் தயாராகாத அகலமான அளவுகளுக்கு இதனால் நேர்ந்தது தட்டுப்பாடும் விலையேற்றமும்தான். புதுச்சேரியிலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருந்தும், 911-இன் பின் சக்கரத்துக்கு டயர் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. 17, 18 அங்குலச் சக்கரம் கொண்டவர்களுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. அப்போலோ நிறுவனம் 2021 முதல் விரெடெஸ்டைன் பெயரில் இங்கே விற்கும் அல்ட்ராக் வகைகளை, வெளிநாட்டுப் பெயர் இல்லாவிட்டால் மதிக்காதவர்கள்கூட ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். அந்தப் பெயரும் நெதர்லாந்திலிருந்து வந்ததுதான்.

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் பழைய சரக்கும் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்த்தது என்று பொருள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நான்கு டயரிலும் இந்த எண்ணைக் குனிந்து படியுங்கள். கடல் காற்றும் வெயிலும் படும் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரின் ரப்பர் இறுகியிருக்கும். உயர்ந்த டயருக்கு நாம் கொடுக்கும் பணமே அந்த மென்மைக்காகத்தான். மூன்று ஆண்டு பழைய 4எஸ் ஒருபக்கமும், சில மாதங்களுக்கு முன் வார்த்த சற்றுத் தாழ்ந்த வகை மறுபக்கமும் இருந்தால் நான் இரண்டாவதை வாங்குவேன்.

அளவை மாற்றும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 225/45 ஆர்17 இருந்த காருக்கு 245/40 ஆர்18 மாட்டினால் டயரின் விட்டம் 634 மில்லிமீட்டரிலிருந்து 653 மில்லிமீட்டராகி, வேகமானி குறைத்துக் காட்டத் தொடங்கும். சரியான இணை அளவு 225/40 ஆர்18. அதிலும்கூடப் பக்கச்சுவரின் உயரம் 101 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆகக் குறைகிறது. நகரின் வேகத்தடைகளையும் மழைக்குப் பிந்தைய பள்ளங்களையும் தாங்க இருக்கும் ஒரே மெத்தை அந்தப் பக்கச்சுவர்தான். உள்ளே நூல் அறுந்து பக்கவாட்டில் வீக்கம் கண்ட டயரைப் பஞ்சர் ஒட்டிக் காப்பாற்ற முடியாது. அளவுக்குப் பின்னால் வரும் குறியீட்டையும் குறைக்கக் கூடாது: 97ஒய் என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை பொறுக்கும். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்றாலும், வெப்பத்தைத் தாங்கும் திறனும் அதே எழுத்தில்தான் அடங்கியிருக்கிறது. மே மாதத்தில் அது தேவைப்படும். போர்ஷே காரானால் N என்ற எழுத்துக் குறியும், பி.எம்.டபிள்யூ. காரானால் நட்சத்திரக் குறியும் உள்ள டயர் கிடைக்கும்பட்சத்தில் அதையே எடுங்கள்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். புதிய டயரில் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் தண்ணீரில் பிடிப்பு வேகமாகக் குறைகிறது. சித்திரையில் 3 மில்லிமீட்டர் இருந்தால் அவசரமில்லை, புரட்டாசியில் அதே அளவு இருந்தால் நான் மாற்றிவிடுவேன். முன்னும் பின்னும் அகலம் வேறான கார்களில் டயர்களை இடம் மாற்றிப் போட வழியில்லை என்பதால் பின் ஜோடி முதலில் தேயும். அதை மட்டும் மாற்றும்போது முன்னால் உள்ள அதே வகையையே வாங்குவது நல்லது. நான்கு சக்கரமும் இழுக்கும் காரானால், முன்பின் தேய்மான வித்தியாசத்துக்கு நிறுவனம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது அருகில் நில்லுங்கள். வெளிப்பக்கம் என்று எழுதிய முகம் உள்ளே போய்விட்டால், ஈரத்துக்கான ரப்பரும் காய்ந்த சாலைக்கான ரப்பரும் இடம் மாறிவிடும். ரிம்மின் விளிம்பில் உப்புக்காற்று அரித்த இடம் இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெல்லக் காற்று இறங்குவதற்கு அது வழக்கமான காரணம். அலைன்மென்டும் பேலன்சிங்கும் அன்றே முடியட்டும். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும் என்பதால், மதியம் ஓடிவந்த டயரில் அதிகமாகக் காட்டுகிறதென்று காற்றை இறக்கிவிடக் கூடாது. புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்புக்கான பூச்சு மிச்சமிருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை திருப்பங்களையும் பிரேக்கையும் அளவாகவே பயன்படுத்துங்கள், அந்த வாரத்தில் மழை பெய்தால் இன்னும் அளவாக.